மிதிவண்டியில் ஒரு மறைவழி

பிரான்சு நாட்டின் தென்மேற்கே லபஸ்தீத்-தார்மன்யாக் என்றொரு சிற்றூர் உண்டு. அதன் அருகே, வயல்களின் நடுவே, 11ஆம் நூற்றாண்டைச் சார்ந்த சிறிய கற்கோயில் ஒன்று நிற்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நாட்டுப்புறக் கோயில்களுள் ஒன்றாகவே தோன்றும். உள்ளே நுழைந்தவர்களோ வியந்து நிற்பார்கள். உள்ளெங்கும் நூற்றுக்கணக்கான சட்டைகள் தொங்குகின்றன. மிதிவண்டிப் பந்தய வீரர்கள் தாங்கள் அணிந்து ஓட்டிய சட்டைகளை அன்னைக்குக் காணிக்கையாக வைத்துச் சென்றிருக்கிறார்கள். வேளாங்கண்ணியில் நம் மக்கள் வெள்ளியில் கையும் காலும் செய்து வைப்பதில்லையா? அதுபோன்றதே இதுவும். மிதிவண்டியோரின் அன்னை ஆலயம் என்பது அக்கோயிலின் பெயர்.

இதனை உருவாக்கியவர் அப்பகுதியில் பணியாற்றிய ஜோசப் மாசி என்னும் குருவானவர். இத்தாலி நாட்டில் கோமோ ஏரிக்கு மேலே மலையுச்சியில் கிசல்லோ அன்னையின் சிற்றாலயம் இருக்கிறது. 1949ஆம் ஆண்டில் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் அந்த அன்னையை மிதிவண்டியோரின் பாதுகாவலியாக அறிவித்தார். அங்கே சென்று திரும்பிய மாசி அடிகளார், தம் நாட்டிலும் அத்தகைய ஓர் ஆலயம் வேண்டும் என விரும்பினார். புதிய கோயில் எதையும் அவர் கட்டவில்லை. கவனிப்பாரற்றுக் கிடந்த பழங்கோயிலைத் தேர்ந்துகொண்டார். 1959இல் திருத்தந்தை 23ஆம் அருளப்பர் அதற்கு ஒப்புதல் தந்தார். 1973ஆம் ஆண்டுப் பிரான்சுப் பந்தயத்தை வென்ற லூயிஸ் ஒக்கான்யாவின் திருமணம் இங்கேதான் நடைபெற்றது. 1989இல் அப்பந்தயத்தின் ஒரு நாள் ஓட்டமே இவ்வூரிலிருந்து புறப்பட்டது.

ஒரு பங்குக்குரு, தம் மக்கள் எதை விரும்புகிறார்களோ அதையே பிடித்துக்கொண்டு அவர்களை ஆலயத்திற்கு அழைத்து வந்தார் என்பதே இச்செய்தியில் என்னைக் கவர்ந்தது.

சாலையைக் கற்றுத்தந்த பந்தயம்

பிரான்சுப் பந்தயத்தின் தொடக்கம் பக்தியில் இல்லை, வாணிகத்தில் இருந்தது. லோத்தோ என்னும் விளையாட்டு நாளிதழின் விற்பனையைப் பெருக்கவே அதன் ஆசிரியர் ஹென்றி தெகிராஞ்சு 1903ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இப்பந்தயத்தை நடத்தினார். 6 கட்டங்கள், 2,428 கிலோமீட்டர். புறப்பட்டவர் 60 பேர். ஓடி முடித்தவர் 21 பேரே. வென்ற மொரீஸ் கரேன் இளமையில் புகைபோக்கி துப்புரவு செய்து பிழைத்தவர்.

நாளிதழ் விற்றது. அத்துடன், எதிர்பாராத வேறொரு நன்மையும் விளைந்தது. ஆண்டுதோறும் பந்தயம் எந்த ஊர் வழியாகப் போகிறது, அவ்வூரில் என்ன கோயில், என்ன கோட்டை, என்ன ஆறு என்று மக்கள் படித்தார்கள். தம் நாட்டைத் தாமே அறிந்துகொண்டார்கள். இன்று பந்தயம் ஓடாத சாதாரண மனிதரும் மிதிவண்டியில் ஏறி அந்நாட்டுப்புற வழிகளில் செல்கின்றனர். லுவார் ஆற்றங்கரையில் அரண்மனைகளைப் பார்த்தபடி போகிறவர் பலர். தூலூஸ் நகரிலிருந்து கடல் நோக்கி ஓடும் தென்கால்வாயின் கரையோரம் போகிறவர் பலர். புனித சந்தியாகப்பரின் கல்லறையை நாடி இடைக்காலத் திருப்பயணிகள் நடந்த பழைய வழிகளிலும் சிலர் போகின்றனர்.

அந்தத் தென்கால்வாயைப் பியேர்-போல் ரிக்கே என்பவர் 1666இல் வெட்டத் தொடங்கினார். 1681இல் பணி நிறைவுற்றது. அங்கே கால்வாய் வெட்டப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் லிஸ்பன் நகரத்து இளைஞர் ஜான் தெ பிரிட்டோ காவி உடுத்து, அருளானந்தர் என்னும் பெயர் தாங்கி, தமிழ் மண்ணில் கால்நடையாக நடந்துகொண்டிருந்தார். ரிக்கேயின் கரையில் ஆயிரக்கணக்கானோர் மிதிவண்டியில் செல்கின்றனர். அருளானந்தர் நடந்த வழியை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

மிதிவண்டி எதற்கு?

கிசல்லோ ஆலயத்தை நினைக்கும்போது ஜினோ பார்த்தலி என்னும் மனிதரும் நினைவுக்கு வருகிறார். 1938இலும் 1948இலும் பிரான்சுப் பந்தயத்தை வென்ற இத்தாலியர். ஆழ்ந்த கத்தோலிக்க விசுவாசி. இரண்டாம் உலகப்போரில் யூதமக்கள் வேட்டையாடப்பட்ட நாள்களில், பிளாரன்சு பேராயர் கர்தினால் எலியா தல்லா கோஸ்தா அவர்களைக் காக்க மறைவான ஏற்பாடுகளைச் செய்தார். அதற்கு உதவிய பார்த்தலி, போலி அடையாளத்தாள்களைத் தம் மிதிவண்டியின் குழாய்க்குள் ஒளித்து வைத்து, பயிற்சிக்குப் போவதுபோல் பிளாரன்சுக்கும் அசிசிக்கும் இடையே ஓட்டிச் சென்றார். வழியில் நிறுத்திய படைவீரர்கள் அவரிடம் கையெழுத்துக் கேட்பார்களே தவிர, வண்டியைச் சோதிக்க மாட்டார்கள். பிடிபட்டிருந்தால் உயிர் போயிருக்கும். போர் முடிந்தபின் இதைப்பற்றி அவர் பெருமை பேசியதில்லை. 2000ஆம் ஆண்டில் அவர் இறந்தார். 2013இல்தான் இசுரயேல் நாட்டின் யாத் வஷேம் நிறுவனம் அவரை நேர்மையாளர் பட்டியலில் சேர்த்தது.

மிதிவண்டி சிலருக்கு விளையாட்டு, சிலருக்குப் பயணம், பார்த்தலிக்கோ அது பிறர் உயிரைச் சுமந்த வண்டி. நம் பகுதியில் அது என்ன?

வேப்பமரத்தடியில் நின்ற வண்டி

எம். புதுப்பட்டி வட்டாரத்தை அறிந்தவர்களுக்கு இதற்கு விடை சொல்ல வேண்டியதில்லை. மழை பொய்க்கும் கரிசல் மண். விதைத்தவன் வீட்டுக்கு விளைச்சல் வருமென்று உறுதி இல்லை. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கினார்கள். பட்டாசும் அச்சும் அதன் பின்னே வளர்ந்தன. வறண்ட காற்று வேளாண்மைக்குப் பகை, வெடிமருந்துக்கு நட்பு. அன்றிலிருந்து நம் மக்கள் விடியற்காலையில் தூக்குச்சட்டியைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு ஆலைகளை நோக்கி மிதித்தார்கள். இப்போது வேன்களும் ஆட்டோக்களும் இரு சக்கர மோட்டார் வண்டிகளும் வந்துவிட்டன. எனினும் ஆலை வாசலில் வேப்பமரத்தடியில் வரிசையாக நிற்கும் மிதிவண்டிகள் முற்றிலும் மறைந்துவிடவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலையில் விபத்து நேர்ந்தது. செய்தி கேட்டு நான் சென்றபோது மாலை மயங்கிவிட்டது. வேலைக்கு வந்தவர்கள் தத்தம் வண்டிகளை எடுத்துக்கொண்டு வீடு திரும்பியிருந்தார்கள். மரத்தடியில் ஒரே ஒரு மிதிவண்டி நின்றது. அதன் கைப்பிடியில் தூக்குச்சட்டி தொங்கியது. அது எவருடையது என்பதை நான் அறிவேன். சிறுவனாக எங்கள் பீடத்தில் பணி செய்தவன். தங்கையின் படிப்புக்காக ஆலைக்குப் போனவன்.

அடக்கம் முடிந்த ஏழாம் நாள் அவன் தாய் அந்த வண்டியை உருட்டிக்கொண்டு ஆலயத்திற்கு வந்தார். "சாமி, வீட்டுல இதப் பாக்க முடியல. விக்கவும் மனசு வரல. கோயில்லயே கெடக்கட்டும்" என்றார். எனக்கு ஆறுதல் சொல்ல வாய் வரவில்லை. வண்டியை வாங்கிக் குருவக வராந்தாவில் சாய்த்து வைத்தேன். லபஸ்தீத் ஆலயத்தில் வென்றவர்களின் சட்டைகள் தொங்குகின்றன என்று பின்னர் நான் படித்தபோது, முதலில் என் நினைவுக்கு வந்தது இந்த வண்டிதான்.

காமநாயக்கன்பட்டிக்குச் சென்ற வழி

அடுத்து வந்த ஆகஸ்டுத் திங்களில், காமநாயக்கன்பட்டிப் பரலோக அன்னையின் திருவிழாவிற்கு மிதிவண்டியில் செல்வோம் என்று பங்கு இளைஞர்களிடம் சொன்னேன். நடந்தே செல்லும் திருப்பயணிகள் பலர் உண்டு; பேருந்தில் செல்வோர் அதனினும் மிகுதி. மிதிவண்டி இரண்டுக்கும் நடுவானது. ஊரைப் பார்க்கும் அளவுக்கு மெதுவாகவும், ஒரு பகலில் சேரும் அளவுக்கு வேகமாகவும் அது செல்லும். எட்டு இளைஞர்கள் வந்தார்கள். நான் அந்த வண்டியில் ஏறினேன்.

விடியுமுன் புறப்பட்டுச் சிவகாசியை அடைந்தோம். அங்கே கடைவீதியில் தேநீர் அருந்தியபோது, இதே தெருக்களில் 1899 சூன் 6ஆம் நாள் ஓடிய குருதியைப்பற்றி அவர்களிடம் சொன்னேன். கோயில் நுழைவு உரிமையைப்பற்றி எழுந்த பகைமை, சிவகாசிக் கலகமாக வெடித்த நாள் அது. இளைஞர்களுள் ஒருவரும் அதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

தெற்கே திரும்பி வெம்பக்கோட்டை சேர்ந்தோம். வைப்பாற்றின் கரையிலுள்ள அம்மேட்டில் 2022ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்து, நுண்கற்கருவிகளையும் சுடுமண் பொருள்களையும் மணிகளையும் ஏராளமான சங்கு வளையல்களையும் கண்டெடுத்துள்ளது. கடலிலிருந்து வந்த சங்கை இக்கரிசல் காட்டில் அறுத்து வளையலாக்கியவர்கள் இருந்திருக்கிறார்கள். பட்டாசுக்கு முன்பே இம்மண்ணில் கைத்தொழில் இருந்தது. "அப்ப நாம என்னிக்குமே கூலி வேலை பாத்தவங்கதானா, சாமி?" என்று ஒருவன் கேட்டான். "கைவினைஞர்கள் என்று சொல்" என்றேன். அவன் சிரித்தான். ஆனால் அதன்பின் நெடுநேரம் பேசாமல் மிதித்தான்.

கழுகுமலை வந்தபோது வெயில் ஏறிவிட்டது. 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து, முடிக்காமல் விட்ட வெட்டுவான் கோயில் அங்கே இருக்கிறது. சற்றுத் தள்ளிப் பாறை முகத்தில் வரிசை வரிசையாகச் சமணத் திருவுருவங்கள். அவற்றின் கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயர்கள். அரசர் பெயர்கள் அல்ல. ஊர்ப் பெயரோடு சேர்ந்த எளியோர் பெயர்கள். தச்சர் உண்டு, குயவர் உண்டு, குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியரும் உண்டு. மறக்கப்படாதிருக்க எளியோரும் பாறையில் பெயர் எழுதிய காலம் ஒன்று இருந்தது.

சாலை யாருக்கு?

கழுகுமலையில் வேறொரு நினைவும் உண்டு. அது நம் திருச்சபையைச் சார்ந்தது. ஆதலால் அதைத் தவிர்த்துச் செல்வது முறையன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூர் நாடார் மக்கள் தேர் வீதிகளில் ஊர்வலம் செல்லும் உரிமை தங்களுக்கு மறுக்கப்பட்டதால் கத்தோலிக்க மறையில் சேர்ந்தனர். தேர் வீதியிலேயே ஒரு சிற்றாலயமும் அமைந்தது. 1895ஆம் ஆண்டு பங்குனி உத்திரத் தேரோட்டத்தன்று பூசல் மூண்டது. இரு தரப்பிலும் உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. ஒரு வீதியில் யார் போகலாம் என்பதே அங்கு எழுந்த கேள்வி.

அதற்கும் முன்னரே, 1838இல், பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் மதுரை மறைத்தளத்திற்கு வந்துவிட்டிருந்தனர். பின்னாளில் தூலூஸ் மாநிலத்தார் இம்மறைத்தளத்தின் பொறுப்பை ஏற்றனர். இன்று மிதிவண்டிப் பயணிகள் மகிழ்ந்து செல்லும் அதே தென்பிரான்சின் நாட்டுப்புறங்களில் பிறந்த பிள்ளைகள் பலர் இவ்வாறு நம் கரிசல் வழிகளுக்கு வந்து சேர்ந்தனர். கால்நடையாகவும் குதிரையிலும் மாட்டு வண்டியிலும் ஊர் ஊராகப் போயினர். வந்த சில ஆண்டுகளிலேயே காலராவுக்கு இரையானவர் பலர். 1973இல் சருகணியில் காலமாகி, இன்று இறை ஊழியர் எனப் போற்றப்படும் லெவே அடிகளாரும் பிரான்சு நாட்டினரே. அவர்களுக்குப் பின் நம் உபதேசியார்கள் மிதிவண்டியில் கிளைக் கிராமங்களுக்குச் சென்று செபம் சொல்லிக்கொடுத்தனர். நம் பங்குகளின் வரலாற்றில் பாதி, அவர்களுடைய வண்டிச் சக்கரத்தில் சுற்றியது எனலாம்.

ஆயினும் உண்மையை மறைக்கலாகாது. தெருவில் மறுக்கப்பட்ட உரிமையைத் தேடி நம்மிடம் வந்தவர்கள், ஆலயத்துக்குள்ளும் சாதிச் சுவரைக் கண்டனர். வடக்கன்குளம் ஆலயத்தில் மக்களைப் பிரித்து நின்ற தடுப்பு 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அகற்றப்பட்டபோது, அதை எதிர்த்து நம்மவரே தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. தென் மாவட்டங்களின் பல ஊர்களில், தலித் மக்கள் சில தெருக்களில் மிதிவண்டியில் ஏறிச் செல்லலாகாது, இறங்கித் தள்ளிக்கொண்டே போகவேண்டும் என்ற கட்டுப்பாடு நெடுங்காலம் இருந்தது. அத்தெருக்களில் நம் ஞாயிறு திருப்பலிக்கு வந்தவர்களும் வாழ்ந்தார்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சம் கூசுகிறது.

உரிமை மறுக்கப்பட்ட மற்றொரு பாதி பெண்கள். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்களின் கையில் தந்தார். கல்லுடைப்போரும் விவசாயக் கூலிகளும் செவிலியரும் ஆசிரியைகளும் ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றனர். கேலி பேசியவர்கள் சில திங்களில் ஓய்ந்தனர். சந்தைக்கும் தண்ணீருக்கும் மருத்துவமனைக்கும் பிறர் துணை வேண்டாத நிலை வந்தது. பின்னர் தமிழ்நாட்டு அரசு மேல்நிலை மாணவியர்க்கும் மாணவர்க்கும் விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. எங்களோடு வந்த எட்டு இளைஞருள் மூவர் பெண்கள். அவர்கள் ஓட்டி வந்தவை அவ்வாறு பள்ளியில் பெற்ற வண்டிகளே.

அன்னையின் வாசலில்

பிற்பகலில் காமநாயக்கன்பட்டி ஆலயக் கோபுரம் தெரிந்தது. மதுரை மறைத்தளத்தின் பழமையான தளங்களுள் ஒன்று. அருளானந்தரின் காலடி பட்ட மண். வீரமாமுனிவர் தமிழகத்தில் தம் பணியின் தொடக்கக் காலத்தைக் கழித்த ஊர். அருளானந்தர் 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். அவருக்கு ஆலயம் எழுப்பும் வசதியும் இருக்கவில்லை, பாதுகாப்பும் இருக்கவில்லை. அவரிடம் இருந்தது வழி ஒன்றே. திருத்தூதர் காலத்தில் கிறிஸ்தவர்களைக் குறிக்க முதலில் வழங்கிய சொற்களுள் ஒன்று, வழியைச் சார்ந்தவர்கள் என்பது. கோயிலைச் சார்ந்தவர்கள் என்றல்ல.

அன்பர்களே, பிரான்சு மக்கள் தங்கள் நாட்டுப்புற வழிகளில் செல்வதுபோல் நாமும் நம் வழிகளில் செல்லலாகாதா என்பதே என் வேண்டுகோள். நம்மிடம் அரண்மனை வரிசை இல்லை. சங்கு வளையல் அறுத்தவர்களின் மேடு இருக்கிறது. தச்சரும் குயவரும் பெயர் பொறித்த பாறை இருக்கிறது. உரிமைக்காகப் பூசலிட்ட வீதி இருக்கிறது. மறைச்சாட்சி நடந்த தடம் இருக்கிறது. பங்குதோறும் ஒரு நாள், உபதேசியாரோ ஆசிரியரோ உடன் செல்ல, இளைஞரை மிதிவண்டியில் அழைத்துச் செல்லுங்கள். வரலாறு தெரியாத பிள்ளைக்குத் தன் ஊர், வேன் வந்து ஏற்றிச் செல்லும் இடமாக மட்டுமே தெரியும். தன் ஊரின் மதிப்பை அறிந்த பிள்ளை, தன் உயிரின் மதிப்பையும் கேட்கத் துணியும். நம் பகுதியில் இக்கேள்வி இன்னும் போதிய அளவு கேட்கப்படவில்லை.

அந்த மிதிவண்டியை ஆலயச் சுவரில் சாய்த்து வைத்து, உள்ளே சென்று முழந்தாளிட்டேன். அன்னையிடம் அவன் பெயரை மட்டும் சொன்னேன்.

ஊர் திரும்பிய மறுநாள் அவன் தாயைப் பார்க்கப் போனேன். வண்டி எங்கெல்லாம் போனது என்று ஒவ்வோர் ஊராகக் கேட்டார். சொன்னேன். சிவகாசி, வெம்பக்கோட்டை, கழுகுமலை, காமநாயக்கன்பட்டி. "அவன் சிவகாசியத் தாண்டி ஒரு ஊரும் பாத்ததில்ல, சாமி" என்றார். சற்று நேரம் கழித்து, "அடுத்த வருசமும் அதுலயே போங்க" என்றார்.

சென்ற ஆண்டு அதன் சக்கரங்களுக்குப் புது டயர் போட்டிருக்கிறோம். இப்போது அதை ஓட்டுவது அவன் தங்கை.